மஞ்சளில் நனைத்த திரைச்சீலை

கண்டிக்கு ரயில் வராத காலம் அது. என் வேலை சாக்குத் தைப்பது. தோட்டங்களிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் கோப்பிக்கொட்டையை ஸ்டோர் முற்றத்தில் காயவைத்து, உமி நீக்கி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரித்த பிறகு, கொழும்புக்கு அனுப்பச் சாக்கில் கொட்டுவார்கள். அந்தச் சாக்குகளின் வாயைத் தைக்க நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கோணி ஊசி, சணல் நூல், உள்ளங்கையில் ஒரு தோல் பட்டை. காலையில் குந்தினால் மாலையில்தான் எழும்புவேன். சாக்குக்கு அழகு தேவையில்லை. கொட்டை சிந்தாமல் இருந்தால் போதும்.

அழகாக வர வேண்டும் என்று நான் தைத்தது சாமிக்கு மட்டுந்தான். எங்கள் வீட்டார் ஊரில் தேருக்குத் தொங்கவிடும் துணிகளைத் தைத்தவர்கள். ஒரு நிறத் துணியின் மேல் வேறு நிறத் துணிகளைப் பூவாகவும் மயிலாகவும் வெட்டி வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கிற வேலை. எனக்குப் படிப்பு அதிகமில்லை. பாதிரிமார் பள்ளியில் மூன்று வருஷம் எழுத்துக் கற்றேன். நெற்றியில் திருநீறு வேண்டாம் என்றார்கள். பள்ளி வேண்டாம் என்று வந்துவிட்டேன். பதினாறு வயதில் கப்பலேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மற்றவர்களைப்போல நடந்தே இந்த மலைக்கு வந்தேன். தோட்ட வேலைக்கு உடம்பு ஒத்துவரவில்லை. ஊசிதான் சோறு போட்டது.

கண்டியில் நாங்கள் கும்பிடும் பிள்ளையாருக்கு இரண்டு தொங்கல் தைத்துக் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்த யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தெல்தோட்டைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு கம்பளி மூட்டை.

"தையக்காரரே, ஒங்களுக்கு ஒரு புண்ணியம் கொண்டாந்திருக்கேன்," என்றார்.

"தோள்ல பாத்தா கனமான புண்ணியமா இருக்கே," என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே மூட்டையை இறக்கினார். தோட்டத்தில் அம்மன் கோயிலுக்குக் கூரை போட்டாயிற்று. துரை பலகையும் தகரமும் கொடுத்திருக்கிறார். மாசியில் திருவிழா. அம்மன் முன்னால் தொங்கவிட ஒரு திரைச்சீலை வேண்டும்.

"கடைத் தெருவுல நல்ல துணி வந்திருக்கே, எடுத்துரலாமே," என்றேன்.

"கடத்துணி வேணாங்கிறாங்க. லயத்துல வரிசையா நாப்பது வீடு, வீட்டுக்கு ஒரு துண்டு குடுக்குறோம், எல்லாத் துண்டும் அதுல இருக்கணும்னு சனம் ஒரே புடியா நிக்குது. ஒண்ணு விட்டுப்போனாலும் எங் கழுத்துக்குத்தான் கத்தி."

"அப்ப நாப்பது வீட்டுக்கும் சேத்து ஒரே கழுத்து," என்றாள் மனைவி.

"அதையேன் கேக்குற தங்கச்சி," என்றார் அவர்.

கம்பளியை அவிழ்த்தேன். வேட்டிக் கரைகள், சேலை முந்தானைகள், ஒரு சிவப்புத் தலைப்பாகை, அரிசி முடிந்து வந்த துணி, பிள்ளைகளின் பாவாடைத் துண்டு, எதிலிருந்து கிழித்தது என்றே தெரியாத அழுக்கு வெள்ளைகள் பல. கங்காணி ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினார். "இது எங் கலியாண வேட்டி. கர தெரியுற மாதிரி வச்சிருங்க." மற்றவை யாருடையவை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

மறுநாள் காலை குளித்துவிட்டு முதல் வேலையாக அவ்வளவு துணியையும் ஊறப்போட்டேன். சாமி காரியத்துக்கு வருகிற துணியில் உடம்புத் தீட்டு இருக்கக்கூடாது. இது எனக்கு யாரும் சொல்லித்தந்து தெரிய வேண்டியதில்லை. சோற்றுக்கு முன் கை கழுவுவதைப்போல. உவர்மண் போட்டு அவித்துத் துவைத்து, பிறகு ஒரு பெரிய அண்டாவில் மஞ்சள் கரைத்து அதில் முக்க வேண்டும்.

என் மனைவி அண்டாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு யாரு துணின்னு ஒரு குறி வச்சுட்டு நனைங்களேன்."

"சாமிக்குப் போற துணிக்கு யாரு பேரு?" என்றேன்.

"இல்ல, நாளைக்கு ஒருத்தி வந்து என் முந்தான எங்கன்னு கேட்டா?"

"அம்மன் முந்தானையப் பாருன்னு சொல்றேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். பேச்சில் அவளை நான் வெல்வது அபூர்வம். அதனால் அந்தப் பதிலை நினைத்து நினைத்து அன்று பூராவும் எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

தலைப்பாகையின் சிவப்புச் சாயம் அவித்தபோதே இளகி, பக்கத்தில் கிடந்ததில் எல்லாம் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது. "மஞ்சத் தண்ணி வெளையாட்டு இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்று மனைவி கேட்டாள். எடுத்துப் பிழிந்து புல்லில் விரித்தால், கண்டி மழை விடவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள் கயிறு கட்டி அடுப்புப் பக்கமாகக் காயவைத்தோம். பாத்திரம் எடுக்கப் போனாலும் தண்ணீர் எடுக்கப் போனாலும் ஈரத் துணிக்குள் குனிந்துதான் போக வேண்டும்.

காய்ந்த பிறகு அத்தனை துண்டையும் தரையில் பரப்பி, நடுவில் குந்திக்கொண்டு பார்த்தேன். என்ன தைப்பது?

கோயில் திரையில் வழக்கமாக வருவதெல்லாம் எனக்குத் தெரியும். நடுவில் அம்மன், இரண்டு பக்கமும் சிங்கம், சுற்றிலும் தாமரைக் கொடி. கடதாசியில் வரைந்து வெட்டி, வீட்டில் சுருட்டி வைத்திருந்த காடாத்துணியை அடித்துணியாக விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முகம் அமையவில்லை. கண்ணை வைத்தால் மூக்கு கீழே போகிறது. உதட்டுக்கு அந்தச் சிவப்புத் தலைப்பாகையை வெட்டினேன். அம்மன் கோபமாக இருப்பதுபோல் இல்லை, வெற்றிலை போட்டதுபோல் இருந்தது. நாலைந்து தரம் மாற்றினேன்.

"இது அம்மனா? பக்கத்து வீட்டு மாமியார் மாதிரில்ல மொறைக்கிது," என்றாள் மனைவி. அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கேற்றிக் கும்பிட்டேன். தைக்கும்போது கை நடுங்கக்கூடாது என்றுதான் எப்போதும் கேட்பேன். அன்றைக்கு, என்ன தைப்பது என்று சொல்லு தாயே என்று கேட்டேன்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டோருக்குப் போவேன், சாக்குத் தைப்பேன், வீட்டுக்கு வந்து துணிகளைப் பார்ப்பேன். துண்டுகளை நிறப்படி அடுக்குவேன், பிறகு கலைப்பேன். பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குவேன், அதையும் கலைப்பேன். தேர்ச் சீலைக்கு ஒரே நெசவில் புதுத்துணி வாங்கி வெட்டுவோம். இங்கே ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிடிவாதம். தடித்தது வளைய மாட்டேன் என்கிறது, நைந்தது ஊசியைத் தாங்க மாட்டேன் என்கிறது. நான் நினைத்ததை அதன்மேல் ஏற்ற முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நின்றபோதுதான் அது மனதில் பட்டது. பூசைக்கு முன் திரை போட்டிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரை விலகினால் சாமி இருக்கிறது. அப்படியானால் திரையில் எதற்கு இன்னொரு சாமி? திரை என்பது இந்தப் பக்கம் காத்து நிற்கிறவர்களுடையது அல்லவா? அவர்களை அல்லவா அதில் தைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து கடதாசி வெட்டியதையெல்லாம் அடுப்பில் போட்டேன். அடியில் நீலத் துண்டுகளைப் படுக்கவைத்தேன், கடல். அதற்குமேல் மண் நிறம், மன்னார்க் கரை. பிறகு முள்ளுக்காடு. அதற்கு எதையும் மயிலாக வெட்டவில்லை; கிழிந்த ஓரம் கிழிந்தபடியே இருக்க வைத்தேன். நடுவே ஒரு பாதை, வளைந்து வளைந்து மாத்தளை ஏறி, மேலே பச்சையும் கறுப்புமாக மலை. மலைக்கு மேலே ஒன்றும் இல்லை, வெறும் காடா. அங்கேதான் திரையின் வளையங்களைக் கோக்க வேண்டும். பாதை முழுவதற்கும் அந்த அழுக்கு வெள்ளைகளை வைத்தேன். மஞ்சளில் முக்கியதால் அவை இப்போது வெள்ளையாக இல்லை. தேங்காய்ப்பூ நிறம், பழுத்த வாழை நிறம், ஈரமணல் நிறம் என்று ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பின்னேரத்தில் ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கம் மழைவிட்டு ஒரு வெளிச்சம் விழுமே, அந்த மாதிரி கிடந்தன. நான் திட்டம் போட்டு அது வரவில்லை.

மனைவி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தாள். கேலி செய்யவில்லை. "நானும் இப்படித்தான் வந்தேன்," என்றாள். பிறகு, "என் காலுல குத்தின முள்ளு எங்க?" என்றாள்.

அரிசிக்கஞ்சியைப் பசையாகக் காய்ச்சித் துண்டுகளை முதலில் ஒட்டினேன். கரப்பான் வந்து ஓரங்களைத் தின்றது. வேப்பிலை போட்டு வைத்தேன், அதற்கும் வந்தது. பாதைத் துண்டுகள் எல்லாம் ஓரம் நைந்துவிட்டன; அவற்றை ஒரு விரற்கடை உள்ளே வெட்டி, மடித்து, நெருக்கமாகத் தைத்தேன். வெட்டி விழுந்த ஓரங்களை ஒரு கூடையில் சேர்த்துவைத்தேன். சாமித் துணி, கூட்டித் தள்ளக் கூடாது, காலில் மிதிபடக் கூடாது. கூடை நிறைந்ததும் மகாவலிக்குக் கொண்டுபோய், சூடம் கொளுத்திக் கும்பிட்டு ஆற்றில் விட்டுவிட்டு வந்தேன்.

தை மாதம் வேலை முடிகிற நேரம். ஒரு ஞாயிறு மத்தியானம் மூன்று பெண்கள் வந்தார்கள். சனிக்கிழமை தோட்டத்தில் வேலை விட்டதும் புறப்பட்டு, வழியில் சொந்தக்காரர் லயத்தில் தங்கி, மறுபடி நடந்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் கடைத்தெருவுக்கு வந்தவர்கள். மூன்றாமவள் திரையைப் பார்க்கவே வந்தவள். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. கோப்பிப் பழம் பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"திரை தைக்கிற வீடு இதானுங்களா ஐயா? பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தோம். கங்காணிக்கிட்ட சொல்லிராதீங்க."

"உக்காரு தாயி, தண்ணி குடி," என்றாள் மனைவி. அவள் நின்றபடியே குடித்தாள்.

திரையை விரித்தேன். எனக்குப் பெருமை, மறைக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் பார்த்தவுடனே கண்டுகொண்டார்கள்.

"யாத்தே, இது கடலு. அன்னிக்கு வாந்தி எடுத்தியே, அந்தக் கடலு."

"நீ மட்டும் பாட்டா பாடிக்கிட்டு வந்த? இந்தா பாரு என் சீலக் கர, பச்சக் கர. மலைக்கு மேல போயிக் குந்தியிருக்கு. நான் ஏறின மல போதாதுன்னு அதையும் ஏத்திவிட்டுட்டாரு ஐயா."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அந்த மூன்றாமவள் முழங்காலிட்டு, குனிந்து, திரையில் முகத்தை வைத்தாள். விழுந்து கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தை எடுத்து, ஒரு சாண் தள்ளி மறுபடி வைத்தாள். பாதையின் அடியிலிருந்து மேலே, ஒவ்வொரு வெள்ளைத் துண்டாக. அவள் மோந்து பார்க்கிறாள் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

திரையில் மாத்தளை வரைக்கும் வந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மஞ்ச வாசந்தான் அடிக்குது."

"ஆமா தாயி," என்றேன். "எல்லாத்தையும் உவர்மண் போட்டு அவிச்சு, மஞ்சத் தண்ணியில முக்கித்தான் ஊசி வச்சேன். சாமி காரியமில்ல?"

நல்ல வேலை செய்தீர்கள் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்துத்தான் அதைச் சொன்னேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான்.

பச்சைக் கரைக்காரிதான் மெதுவாகச் சொன்னாள். "இவ புள்ள தூளித் துணிய குடுத்திருந்தா ஐயா. கப்பல விட்டு எறங்கி நடந்து வர்ற வழியில பேதி கண்டு புள்ள போயிருச்சு. பொம்பளப் புள்ள, ஒண்ணர வயசு. மாத்தளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தெரியல. பொதச்ச எடத்துல ஒரு கல்லு வைக்கக் கூட விடல, கூட்டத்துல மத்தவங்களுக்கும் கண்டுரும்னு ஓட்டிட்டு வந்துட்டாங்க. அந்தத் துணிய மூணு வருசமா தண்ணி படாம முடிஞ்சு வச்சிருந்தா. புள்ள தலையில தேச்ச எண்ண வாசம் அதுல இருக்குன்னு."

"லயத்துல எலி ஐயா," என்றாள் அந்தத் தாய். "ஒரு தடவ முடிச்சக் கடிச்சுப் போட்டிருச்சு. அம்மன் முன்னால இருந்தா எலி தொடாதுன்னுதான் குடுத்தேன். போறப்ப வர்றப்ப மோந்து பாத்துக்கிரலாம்னு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த அண்டாவின் பக்கத்தில் நின்று அவள் சொன்னதை அவள் வாய்திறந்து சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"வாசம் போனாப் போகுது," என்றாள் அந்தப் பெண், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. "எதுன்னு மட்டும் காட்டுங்க ஐயா. மூலையில ஒரு கிழிசல் இருக்கும். ஊதா நூலால நானே ஒட்டுப் போட்டேன்."

நான் திரையைப் பார்த்தேன். பாதையில் பதினைந்து பதினாறு துண்டுகள். எல்லாம் ஒரே வெளிச்சம். மூலை எதற்கும் இல்லை. எல்லா ஓரத்தையும் நான் வெட்டியிருக்கிறேன்.

"ஓரமெல்லாம் வெட்டிட்டேன் தாயி."

"வெட்டினது இருக்குமில்ல?"

"ஆத்துல விட்டுட்டேன்." ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "கால்ல மிதிபடக் கூடாதுன்னு."

அப்போது என் மனைவி சட்டென்று முன்னால் வந்து பாதை முடிந்து மலை தொடங்கும் இடத்தில் ஒரு துண்டின் மேல் விரலை வைத்தாள். "இதுதான். எனக்கு நல்லா ஞாபகம். ஊதா நூலு இருந்துச்சு. காயப்போட்டப்ப நான் பாத்தேன்."

அந்தப் பெண் அந்தத் துண்டைப் பார்த்தாள். தொடவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க ஐயா."

ஒரு 'ஆமாம்' போதும். என் மனைவியின் விரல் அந்த இடத்திலேயே இருந்தது. அவள் கண் என்னைக் கெஞ்சியது. என் நெற்றியில் திருநீறு. என் இரண்டு கையும் அம்மன் துணியின் மேல்.

"எனக்குத் தெரியல தாயி," என்றேன்.

நான் உண்மை சொன்னது நல்லவன் என்பதால் அல்ல. சாமித் துணியில் கை வைத்துக்கொண்டு பொய் சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான். என் மனைவி பயப்படவில்லை. எங்கள் இரண்டு பேரில் அம்மனுக்கு அன்று யாரைப் பிடித்திருக்கும் என்று இத்தனை வருஷம் கும்பிட்டும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் மறுபடி திரையைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு?"

"இருக்கு தாயி. ஒரு துண்டையும் விடல."

"செரி."

இருட்டுவதற்குள் பாதித் தூரமாவது போக வேண்டும் என்று எழுந்தார்கள். திரையை மடிக்க என் மனைவியோடு அந்தத் தாயும் ஒரு முனையைப் பிடித்தாள்.

அவர்கள் போன பிறகு நான் ஊசியை எடுத்தேன். மடிப்புக்குள் ஏதாவது ஒரு மூலையில் ஊதா நூலின் ஒரு இழை தப்பியிருக்காதா? பாதையில் ஒரு துண்டின் தையலைப் பிரித்தேன். இல்லை. அடுத்ததைப் பிரித்தேன். மூன்றாவது. நாலாவது துண்டு நைந்த துணி. பிரித்த இடத்தில் அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிழிந்தது. அதுவே அவளுடையதாக இருந்தால்? ஊசியைத் தரையில் வைத்தேன்.

"விடுங்க," என்றாள் மனைவி. "பிரிக்கப் பிரிக்க இருக்கிறதும் இல்லாமப் போகும்." பிறகு அவளே நூல் கோத்துக் கொடுத்தாள். பிரித்ததையெல்லாம் பழையபடி தைத்தேன். கிழிசலின் மேல் ஒரு சின்னத் துண்டு வைத்து ஒட்டுப்போட்டேன்.

இதையும் சொல்ல வேண்டும். துணிகளை நனைக்காமல் தைத்திருந்தால் அந்தப் பாதை அப்படி வந்திருக்காது. அழுக்கு வெள்ளைகள் அழுக்கு வெள்ளைகளாகவே, ஒவ்வொன்றும் தனித்தனியாக, பார்க்க அவலட்சணமாகத்தான் கிடந்திருக்கும். என் ஆயுசில் என் கை செய்ததிலெல்லாம் நல்லது அது. அந்தப் பிள்ளையின் வாசத்தைக் கழுவித்தான் அந்த வெளிச்சம் வந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

மாசியில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பறை முழங்க, தீபம் காட்டும் முன் திரை தொங்கியது. சனம் முண்டியடித்தது. "அந்தச் செவப்பு எங்கப்பன் தலப்பாடா." "ஒங்கப்பன் தலையில இருந்தத விட இதுல நல்லாருக்கு." கங்காணி தன் கல்யாண வேட்டிக் கரையை எல்லோருக்கும் விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, "கர மட்டுந்தான் மிஞ்சிச்சு, மாப்பிள்ளயக் காணோம்," என்றாள்.

அந்தப் பெண் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றாள். பக்கத்திலிருந்த ஒருத்தி கேட்டது எனக்கும் கேட்டது. "ஒன்னுது எதுடி?"

"அதுல இருக்கு," என்றாள் அவள்.

மணி அடித்தது, திரையை இழுத்தார்கள். எல்லோருடைய கண்ணும் கையும் அம்மன் பக்கம் எழுந்தன. அவள் கண் மட்டும் திரை போன பக்கமே போனது, அது ஓரத்தில் கொத்தாக ஒடுங்கித் தொங்கும்வரை. அதை நான் பார்த்தேன் என்றால் நானும் அம்மனைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பூசை முடிந்ததும் பூசாரி என்னை முன்னால் அழைத்துத் தலையில் பரிவட்டம் கட்டினார். சாமி மரியாதை, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து தலையைக் கொடுத்தேன்.

விபூதி வாங்கிக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். கோபமாக இல்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கவா? இத இனிமே தொவைக்காம வச்சிருக்கச் சொல்றீங்களா? தண்ணியில என்ன போச்சுன்னு தெரியும். ஆனா எண்ண லேசுல போகாது. எங்கயாவது ஒரு இழையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கும்."

"சொல்றேன் தாயி," என்றேன்.

அன்றே பூசாரியிடம் சொன்னேன். அவர் பொல்லாதவர் அல்லர். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுது தையக்காரரே. ஆனா வருசத்துக்கு ஒரு தடவ காப்புக் கட்டுறதுக்கு முந்தி சாமித் துணி மஞ்சத் தண்ணியில எறங்காம எப்படிப் போடுறது? தீட்டுப் பட்டிருந்தா? அம்ம போட்டுச்சுன்னா? நாளைக்கு ஒரு புள்ளைக்குக் கண்டா, ஊரு யாரக் கேக்கும்?"

அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளில் சொல்லியிருப்பேன்.

மறு வருஷம் அந்த நேரத்தில் எப்படியாவது முன்னால் போய், துவைக்கும் அன்று கூடவே இருந்து, ஒரு தரமாவது தடுத்துப் பார்க்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். தடுத்து என்ன சொல்வது என்று தெரியாமலே வைத்திருந்தேன். அந்த வருஷம் விளைச்சல் அதிகம். ஸ்டோரில் சாக்குக் குவிந்துகிடந்தது, விடவில்லை. இரண்டு நாள் பிந்தித்தான் புறப்பட முடிந்தது.

நான் தோட்டத்துக்கு ஏறியபோது முற்பகல். முந்திய நாள் பெய்த மழையில் கோயில் முன்னால் சேறு. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டித் திரையைப் போட்டிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கயிறு கனத்தில் தொய்ந்து, திரையின் அடி ஓரம் சேற்றைத் தொடப் பார்த்தது. அந்தக் கடல் பக்கத்து ஓரத்தை நிலத்தில் படாமல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் மஞ்சள்.

"நீதான் தொவச்சியா தாயி?"

"வேற யாரு தொவச்சாலும் கல்லுல வச்சு அடிப்பாங்க ஐயா," என்றாள். "நானே மெதுவா அலசுறேன்னு பூசாரிகிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் மறுபக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். துணி கனமாக இருந்தது. மலை மேலே மூட்டம். வெயில் வருகிற மாதிரித் தெரியவில்லை. கை கடுக்கக் கடுக்க மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.